தீவக இரவுகளுக்குப் பலவண்ண ரோச்: எந்த நிறம் எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குப் போகும் பலர் சாட்டியைப் பகலில்தான் அறிவார்கள். வெண்மணல், ஆழங்குறைந்த கடல், சிந்தாத்திரை மாதா கோயில், மணலுக்கடியில் ஊறும் நன்னீர்க் கிணறுகள் என்று அவர்கள் நினைவில் சாட்டி நிற்கிறது. கரையில் வாழ்பவர்களுக்கோ பாதி நாள் இருளில் கழிகிறது. விடியுமுன் வலை எடுக்க வள்ளம் தள்ளுகிறார்கள். இரவில் வெளிவரும் கடலட்டையைப் பண்ணைகளில் காவல் காக்கிறார்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும் சத்தம் கேட்டு இருளோடு வளவுக்குள் இறங்குகிறார்கள். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் முதற் படகுக்கு வருபவர்கள் இறங்குதுறைவரை இருட்டில்தான் நடக்கிறார்கள்.

இந்த இருளுக்குள் அண்மைக்காலத்தில் ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. கைக்குள் அடங்கும் அலுமினிய உடல், பின்முனையில் அமுக்கும் சுவிச், முன்முனையில் வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நான்கு எல்ஈடி. படையினரும் பொலிசாரும் பாவிப்பது என்ற பெயரோடு விற்கப்படும் சிறிய ரோச் லைற் இது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் இதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மலிந்த வகைகள் யாழ் நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. கையில் எடுத்தவர் எவரும் முதலில் செய்வது ஒவ்வொரு நிறமாக மாற்றிச் சுவரில் அடித்துப் பார்ப்பதுதான்.

அந்த முதற் பார்வை எதைச் சரியாகச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். நிறங்களுக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் மனிதக் கண்ணின் அமைப்பும் கடற்பயண விதிகளும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஏற்கனவே ஒரு வேலையை ஒதுக்கிவிட்டன. அதை அறிந்தவருக்கு இரண்டு நிறம் போதும். அறியாதவர் கடலில் பச்சையையும் சிவப்பையும் காட்டினால் உயிர் போகலாம்.

வெளிச்சம் அரிதாக இருந்த ஊர்கள்

காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்திய சூள்தான் இக்கரைகளின் பழைய இரவு விளக்கு. களப்பின் முழங்காலளவு நீரில் ஒருவர் சூள் பிடிக்க மற்றவர் மீனையும் நண்டையும் தேடினார். பிறகு அரிக்கன் லாம்பும் பெற்றோல்மாக்சும் வந்தன. அதன்பின் இரண்டு பற்றரி போடும் தகர ரோச் வீட்டுக்கு வீடு வந்தது.

போர் அந்த ரோச்சைப் பறித்தது. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோச் பற்றரியும் ஒன்று. மண்ணெண்ணெய் பொன்னானது. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரியில் எரித்து ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் தங்கியிருந்த குடும்பங்களும் அந்த வெளிச்சத்தில்தான் வாழ்ந்தன. வெளிச்சத்தை அளந்து செலவிடும் பழக்கத்தை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

போர் முடிந்த பின்னும் தீவுகளின் மின்சாரம் ஒரே சீராக இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தன. இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் அமைக்க இந்திய உதவியுடனான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. அதே மாத முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வள்ளத்தின் எஞ்சினுக்கும் வீட்டு விளக்குக்கும் அதுதான் எரிபொருள். மின்னேற்றக்கூடிய ரோச் அந்த ஆண்டில் வீட்டின் அவசியப் பொருளாயிற்று. ஆகவே இக்கருவியை விளையாட்டுப் பொருளென்று தள்ளிவிட முடியாது. நம் ஊர்களில் அது வேலைக்கருவி. வேலைக்கருவியைப் போலவே சோதித்து வாங்க வேண்டும்.

படையிலிருந்து பயணப்பெட்டிக்கு

நிறம் மாற்றும் கைவிளக்கு புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் பாவித்த, கழுத்து வளைந்த ரிஎல்-122 ரோச்சின் வழிவந்தது எம்எக்ஸ்-991. வியட்நாம் போர்க்காலம் முதல் பல பத்தாண்டுகள் அது பாவனையில் இருந்தது. அதன் அடிப்பகுதி மூடிக்குள் சிவப்பு உட்படச் சில வண்ண வில்லைகள் இருக்கும். தேவையானதை எடுத்து முகப்பில் பூட்ட வேண்டும். அந்த முறையில் ஒளியின் பெரும்பகுதி வில்லையிலேயே வீணாகும்.

எல்ஈடி இந்தக் கணக்கை மாற்றியது. ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொனியாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்ஈடியை உருவாக்கினார். நல்ல பிரகாசமான நீலத்துக்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நகமுரா 1993இல் அதைச் சாதித்தார். நீலத்தின்மேல் மஞ்சளொளி தரும் பொசுபரைப் பூசி வெள்ளை எல்ஈடியை அதே நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீல எல்ஈடிக்காக அகசாகி, அமனோ என்ற ஆய்வாளர்களுக்கும் நகமுராவுக்கும் 2014இல் இயற்பியல் நொபெல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பாவிக்கும் ஒவ்வொரு வெள்ளை ரோச்சுக்குள்ளும் அந்த நீலம் இருக்கிறது.

எல்ஈடி தன் நிறத்தைத் தானே தருவதால் வண்ண வில்லை தேவையற்றுப் போனது. 2000களின் நடுப்பகுதியில் சுவர்ஃபயர் நிறுவனத்தின் குரோமா, வளையத்தைத் திருப்பி நிறம் தெரிவுசெய்யும் சிறு ரோச்சாக வந்தது. ஸ்ட்ரீம்லைற் நிறுவனத்தின் சைட்வைண்டர் நான்கு வகை ஒளியைத் தலைக்கவசத்தில் மாட்டும் அளவுக்குள் அடக்கியது. அடுத்த பத்தாண்டில் நைற்கோர் எஸ்ஆர்ரி7 வெள்ளையின் பிரகாசத்தையும் சிவப்பு, பச்சை, நீலத்தையும் ஒரே கழுத்து வளையத்தில் வைத்தது. இன்று சந்தையில் நிறைந்திருப்பவற்றில் பல இந்த மூத்த வகைகளின் மலிந்த சாயல்கள்.

அமைப்பில் இவை மூன்று விதம். நடுவில் பெரிய வெள்ளை எல்ஈடியும் அதைச் சுற்றிச் சிறிய வண்ண எல்ஈடிகளும் கொண்டது ஒன்று; வண்ண ஒளி கிட்டத்துக்கு மட்டும் போதும், ஆனால் வெள்ளைக் கற்றை கெடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் குழிவாடி கொண்டது இரண்டாவது. எல்லா நிறமும் ஓரளவு தூரம் போகும், தலை பெருக்கும். நான்கு நிறத் துணுக்குகளை ஒரே எல்ஈடிக்குள் அடைத்தது மூன்றாவது. மிகச் சிறியது, ஆனால் துணுக்குகள் மையத்தை விட்டு விலகி நிற்பதால் கற்றையின் விளிம்பில் நிறம் சிதறும். சுவரில் அடித்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். முதற் பார்வை நம்பத்தக்கதாக இருக்கும் இடம் இது.

கண் எப்படிப் பார்க்கிறது

வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் போனால் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும். பகலில் நிறத்தைக் காண்பவை கூம்புக்கலங்கள். மங்கலான இரவில் வேலை செய்பவை கோல்கலங்கள். அவை நிறம் அறியாதவை. பிரகாசமான ஒளி பட்டால் கோல்கலங்களின் நிறப்பொருள் வெளிறிவிடும். மீண்டும் பழக அதே நேரம் வேண்டும். இரவில் வள்ளத்தின் முன்னால் ஒருவர் வெள்ளை ரோச்சை முழுப் பிரகாசத்தில் போட்டால், சுக்கான் பிடிப்பவர் அடுத்த சில நிமிடங்களுக்குக் கடலைக் காணமாட்டார்.

இரண்டு வகைக் கலங்களும் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் உணர்வதில்லை. கூம்புக்கலங்களின் உச்ச உணர்வு 555 நானோமீற்றர் அலைநீளத்தில், மஞ்சள்கலந்த பச்சையில் இருக்கிறது. அதை 100 என்று கொண்டால், ரோச்சுகளில் வழக்கமான 530 பச்சைக்கு 86, 630 சிவப்புக்கு 27, 460 நீலத்துக்கு வெறும் 6. கோல்கலங்களின் உச்சம் 507இல். அதை 100 என்று கொண்டால் பச்சைக்கு 81, நீலத்துக்கு 57. சிவப்புக்கு ஒன்றில் மூன்றிலொரு பங்குதான்.

இரவுக்கு எந்த நிறம் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சிவப்பு கூம்புக்கலங்களுக்குத் தெரியும். கோல்கலங்களைப் பெரிதாகத் தொடாது. அதனால்தான் மங்கிய சிவப்பில் முடிச்சுப் பார்த்துவிட்டு மீண்டும் கடலைப் பார்க்க முடிகிறது. நீலம் பார்வைக்கு மென்மையானதுபோலத் தோன்றும். உண்மையில் அது கோல்கலங்களைக் கடுமையாகத் தாக்கி இரவுப் பார்வையைக் குலைக்கும். ‘இரவுப் பாவனைக்கு’ என்று நீலத்தைப் புகழும் விளம்பரங்களை நம்பக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு என்பதற்காக எவ்வளவு பிரகாசமும் ஆகாது. பிரகாசமான சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் நீண்டகாலம் இருந்த சிவப்பு விளக்குகளுக்குப் பதில் பின்னாளில் மிக மங்கிய வெள்ளை ஒளி வைக்கப்பட்டது. அதில் வரைபடம் வாசிப்பது எளிது. அளவுக்கு மங்கச் செய்ய முடிவது, நிறத்துக்குச் சமமாக முக்கியம். ஒரு லூமெனுக்கும் கீழே இறங்க முடியாத சிவப்பு, இரவுப் பார்வைக்கென்று சொல்லும் தகுதியற்றது.

நிறம் நிறமாக

சிவப்பில் மறையும் பொருட்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிவப்பு மையால் எழுதியது தாளோடு கலந்துவிடும். இரத்தத்தை எளிதில் பிரித்தறிய முடியாது. செம்மண்ணில் கிடக்கும் பழுப்புப் பாம்பு பின்னணியோடு ஒன்றாகிவிடும். யாழ்ப்பாணத்தின் வரண்ட கரைப்பகுதிகளில் சுருட்டை விரியன் உண்டு, புடையனும் உண்டு. இரண்டும் இரவில் நடமாடுபவை. ஒழுங்கையில் நடக்கும்போதும் பனையடியில் குனியும்போதும் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை நம்பக்கூடாது.

காயம் பார்ப்பதற்கும் வெள்ளைதான். வெளிறிய உதடு, நீலம் பாய்ந்த நகம், இரத்தம் கசியும் இடம் எல்லாம் நிறத்தால் அறியப்படுபவை. இரவில் நோயாளியைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டிய தீவுகளில் இது சிறிய விடயமல்ல. வெள்ளையிலும் தரவேறுபாடு உண்டு. நிறத்தை உள்ளபடி காட்டும் சுட்டெண் 90க்கு மேல் உள்ள வெள்ளை சற்றுக் குறைந்த லூமென் தந்தாலும் தோலையும் இரத்தத்தையும் சரியாகக் காட்டும். மலிந்த ரோச்சுகளின் நீலம்பாய்ந்த வெள்ளையில் எல்லாமே சாம்பல்.

பச்சைக்கு நம் களப்பில் ஒரு தனியிடம் உண்டு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. மிகத் தெளிந்த நீரிலேயே 630 சிவப்பில் ஐந்து மீற்றருக்குப் பிறகு காற்பங்குகூட மிஞ்சாது. ஆழ்கடலின் தெளிந்த நீரில் நீலம் நெடுந்தூரம் போகும். பாசியும் கரைந்த பொருட்களும் நிறைந்த கரைநீரிலும் களப்பிலும் பச்சையே நன்றாக ஊடுருவும். பகலில் மணலுக்குள் புதைந்து இரவில் மேய வரும் கடலட்டையைப் பார்வையிட, அடைப்பு வலை கிழிந்திருக்கிறதா என்று நீருக்குள் பார்க்க, பச்சை உதவும்.

பச்சையைப் பற்றி வெளியுலகிலிருந்து நல்ல செய்தியும் உண்டு. பெருவில் செவுள்வலைகளில் பச்சை எல்ஈடி கட்டிப் பார்த்த ஆய்வில் பச்சையாமைகள் சிக்குவது ஏறத்தாழ 64 விழுக்காடு குறைந்ததாக 2016இல் வெளியிடப்பட்டது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு, பச்சை விளக்கிட்ட வலைகளில் வேண்டாத பிடிபாடு மொத்தத்தில் 63 விழுக்காடும், சுறா, திருக்கை இனங்களில் 95 விழுக்காடும் குறைந்ததாக 2022இல் அறிவித்தது. பாக்கு நீரிணையிலும் ஆமையும் திருக்கையும் உண்டு. நம் பல்கலைக்கழகத்தினரும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து இங்கே செய்து பார்க்கத்தக்க ஆய்வு இது. இதைச் சாட்டாக வைத்து வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டிப் பிடிப்பது வேறு. அனுமதியில்லாத அவ்வகைத் தொழிலைக் கடற்படை தொடர்ந்து பிடித்துவருகிறது. பிடிபட்டால் படகும் வலையும் போகும்.

நீலத்துக்கு இத்தீவுகளில் சொல்லத்தக்க வேலை இல்லை. இரத்தத் தடத்தைக் காட்டும், பனிமூட்டத்தைத் துளைக்கும் என்று பெட்டிகளில் எழுதியிருக்கும். பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோலச் சிதறடிப்பவை. மூட்டத்தில் உதவுவது நிறமல்ல. ஒளியைக் கண்ணிலிருந்து விலக்கித் தாழ்த்திப் பிடிப்பதுதான் உதவும்.

நீலத்துக்கு அப்பாலுள்ள கழியூதாவை நான் வேறு விதமாக மதிக்கிறேன். தேளின் உடற்தோல் கழியூதா ஒளியில் பச்சைநீலமாக ஒளிரும். இதய இரத்தோட்டத்தையே பாதிக்கும் நஞ்சுள்ள இந்தியச் செந்தேள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அதன் கொட்டுக்கு ஆளானவர்களைப் பற்றி யாழ் போதனா வைத்தியசாலை மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஓலை, விறகு, கற்குவியல், குழந்தையின் பாய் ஆகியவற்றை இரவில் ஒருதரம் கழியூதாவில் பார்ப்பது வீட்டுக்குப் பயன்தரும் பழக்கம். புதிதாகத் தோலுரித்த தேள் ஒளிராது என்பதால் முழுமையாக நம்பிவிடவும் கூடாது. அந்த ஒளியை எவர் கண்ணிலும் அடிக்கக் கூடாது.

கடல் ஏற்கனவே எடுத்துக்கொண்ட நிறங்கள்

எல்லாவற்றிலும் கனமான பகுதி இதுதான். பெட்டிக்குள் வரும் கையேடுகள் இதைச் சொல்வதில்லை.

கடலில் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகள் 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி இரவில் ஓடும் கலத்தின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை, பின்பக்க விளக்கு வெள்ளை. எதிரே தெரியும் நிறத்தைக் கொண்டே மற்றவர் எந்தத் திசையில் போகிறார், வழிவிட வேண்டியவர் யார் என்று ஓட்டுபவர் முடிவெடுக்கிறார். இழுவைப்படகு இழுக்கும்போது பச்சைக்குக் கீழே வெள்ளை காட்ட வேண்டும். மற்ற மீன்பிடிக் கலங்கள் சிவப்புக்குக் கீழே வெள்ளை காட்ட வேண்டும்.

இப்போது வலை இழுத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறு வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ‘நான் இங்கே நிற்கிறேன்’ என்று காட்டுவதற்காக அதிலுள்ளவர் பச்சை ரோச்சைப் பிடிக்கிறார். தன் இடப்பக்கத்தில் அந்தப் பச்சையைக் காணும் பெரிய படகின் ஓட்டி, அது தன் முன்னால் குறுக்கே ஓடிவரும் கலம் என்றும், வழிவிட வேண்டியது அதுவே என்றும் எண்ணுவார். விதிப்படி தன் திசையும் வேகமும் மாறாமல் வருவார். நிற்கும் வள்ளமோ விலக முடியாது. உதவிக்காகக் காட்டிய நிறமே மோதலுக்கு வழியாகிறது. இரவில் இழுவைப்படகுகளும் சிறு வள்ளங்களும் ஒரே நீரில் நெருங்கும் பாக்கு நீரிணையில் இது ஏட்டளவான அச்சமல்ல.

கையில் பிடிக்கும் ரோச்சுக்கு விதிகள் ஒரு நிறத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. துடுப்பால் ஓடும் கலத்தில் வேறு விளக்கு இல்லாவிட்டால், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன் காட்டும்படி வெள்ளை ஒளி தரும் மின்ரோச்சோ எரியும் லாந்தரோ கைவசம் இருக்க வேண்டும். ஏழு மீற்றருக்குக் குறைந்த, உச்சவேகம் மணிக்கு ஏழு கடல்மைலை மீறாத எஞ்சின் கலம் நாலாபுறமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கோடு ஓடலாம். நம் பைபர் படகுகள் பல இந்த நீளத்துக்குள் அடங்குபவை. ஆனால் எஞ்சினைத் திறந்தால் அந்த வேகத்தைத் தாண்டிவிடும். ஆகவே அவற்றுக்குப் பச்சை, சிவப்புப் பக்கவிளக்குகளும் வேண்டும். பக்கவிளக்குகளைப் படகின் உரிய பக்கத்தில் நிலையாகப் பொருத்த வேண்டும். கையில் பிடித்த ரோச் அந்த வேலையைச் செய்யாது.

துடித்து மின்னும் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிரியின் கண்ணைக் கூசவைக்க என்று இவ்வகை ரோச்சுகளில் அது பெரும்பாலும் இருக்கும். கடலில் மற்றவர் கவனத்தை ஈர்க்க அப்படிப்பட்ட கடுமையான விட்டுவிட்டு மின்னும் ஒளியைத் தவிர்க்க வேண்டும் என்று விதி 36 நேரடியாகவே சொல்கிறது. ஆபத்தில் காட்ட வேண்டியது மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய மின்னல்களாக வரும் எஸ்ஓஎஸ் சைகை. பல ரோச்சுகளில் அது தனி முறையாகவே இருக்கிறது. வள்ளத்தில் போகும் எவரும் இருட்டில், ஈரக்கையோடு, பார்க்காமலே அதைப் போடப் பழகியிருக்க வேண்டும்.

சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னும் முறை சில வகைகளில் உண்டு. பொலிஸ் வாகனத்தைப் போன்ற அந்த ஒளி கரையில் வீண் குழப்பத்தையே உண்டாக்கும். இரவில் கரையில் ஒரு வெளிச்சம் அசைந்தாலே சைகையென்று சந்தேகிக்கப்பட்ட காலத்தைக் கடந்துவந்த ஊர்கள் இவை. அதை விளையாட்டுக்கும் போடக்கூடாது.

பெட்டியில் எழுதிய எண்கள்

நல்ல நிறுவனங்கள் எஃப்எல்1 என்னும் பொதுத் தரமுறைப்படி எண்களைத் தருகின்றன. 2009இல் வந்த இந்த முறையில் லூமென், கற்றைத் தூரம், எரியும் நேரம், விழுந்தால் தாங்குமா, நீர் புகுமா என்பவை ஒரே விதமாக அளக்கப்படும். இவற்றை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை.

கற்றைத் தூரம் என்பது ஒளி 0.25 லக்சுக்குக் குறையும் இடம், முழுநிலவின் வெளிச்சமளவு. அந்தத் தூரத்தில் ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். எரியும் நேரம் என்பது தொடக்க ஒளியின் பத்திலொரு பங்காகக் குறையும்வரை. பத்து மணிநேரம் என்றால் பத்து மணிநேரமும் அதே பிரகாசம் என்று பொருளல்ல. ஆயிரம் லூமென் தரும் சிறிய ரோச் சில நிமிடங்களில் சூடேறித் தானாகவே மங்கிவிடும்.

வண்ண ஒளிக்கு லூமென் குழப்பமான அளவு. லூமென் என்பது பகற்கண்ணின் உணர்வை வைத்துக் கணிப்பது. ஒரே ஒரு வாட் ஒளியாற்றல் 530 பச்சையில் ஏறத்தாழ 590 லூமென், 630 சிவப்பில் 180, 460 நீலத்தில் 40. பெட்டியில் பச்சைக்குப் பெரிய எண்ணும் நீலத்துக்குச் சிறிய எண்ணும் இருப்பது இதனால்தான்.

நீர்காப்பு எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும். உப்புநீரில் நாள்தோறும் நனைவதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. தீவகத்தில் ரோச்சின் உயிரைக் குடிப்பது உப்புத்தான். அலுமினிய உடலும் வேறு உலோகக் கொளுவியும் தொடும் இடம் அரிக்கும், மின்னேற்றும் துளை துருப்பிடிக்கும், மறைகள் இறுகும். கடலில் பாவித்த ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவித் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் பூச வேண்டும். மூடியில்லாத மின்னேற்றும் துளை உள்ளதைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பற்றரியில் ஏமாற்று அதிகம். 18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட லித்தியம் பற்றரி. தரமானவற்றின் கொள்ளளவு 3,500 மில்லியம்பியர்-மணியை ஒட்டியே நிற்கும். 9,900 என்று அச்சடித்தது பொய். பொய் எண் போட்டவரின் பாதுகாப்பு ஏற்பாட்டையும் நம்ப முடியாது. தூங்கும் அறையில் மின்னேற்ற வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் உதிரி லித்தியம் பற்றரிகளை முனைகளை மூடிக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். விமானத்தின் சரக்குப் பெட்டிக்குள் போட அனுமதியில்லை.

பற்றரி தளரும்போது நிறங்கள் ஒன்றாக மங்குவதில்லை. சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் மூன்று வோல்ற் வேண்டும். எளிய மின்சுற்றுள்ள ரோச்சில் வெள்ளை சாகத் தொடங்கும்போதும் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். நடுக்கடலில் வெள்ளை மங்கினால் சிவப்பு இருக்கிறதே என்று ஆறுதலடைய முடியாது. மற்றக் கலங்களுக்குக் காட்ட வேண்டியது வெள்ளை. உதிரிப் பற்றரியோ இரண்டாவது ரோச்சோ கட்டாயம்.

கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது

கடையின் குழல்விளக்குக்குக் கீழே பிரகாசம் ஒன்றும் சொல்லாது. இரட்டிப்பு லூமென் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரிவதுமில்லை. கடையிலேயே சோதிக்கக்கூடியவை வேறு. அணைந்திருக்கும் ரோச்சின் சுவிச்சை ஒருதரம் அமுக்கினால் முதலில் வருவது என்ன நிறம்? கடைசியாகப் பாவித்த நிறம் வருமானால், நேற்று பச்சையில் விட்டவர் இன்று அவசரத்தில் பச்சையையே காட்டுவார். எப்போதும் வெள்ளையில் தொடங்குவதையோ, நிறங்களுக்குத் தனிச்சுவிச் அல்லது வளையம் உள்ளதையோ தெரிவுசெய்ய வேண்டும்.

சிவப்புக்குப் போகும் வழியில் வெள்ளை மின்னுமா என்றும் பார்க்க வேண்டும். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கி வெள்ளை, பச்சை, நீலம் கடந்து சிவப்பை அடைவதென்றால், இருபது முப்பது நிமிடம் பழகிய கண் ஒரு நொடியில் கெட்டுவிடும். சிவப்பு நேரடியாக, மங்கலாக வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வளையத்தின் நிலையை அறிய முடிகிறதா, ஈரக்கையில் வழுக்குமா, மேசையில் வைத்தால் உருளுமா, படகின் கம்பத்தில் கட்டக் கயிற்றுத் துளை இருக்கிறதா என்பவையும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு விரலால் அறியும் வளையமே ஒரே வழி.

முடிவாக

தீவக வீட்டுக்கும் வள்ளத்துக்கும் என் பரிந்துரை இது. நிறத்தை உள்ளபடி காட்டும் நல்ல வெள்ளையும், ஒரு லூமெனுக்குக் கீழே இறங்கும் சிவப்பும் உள்ள ரோச்சை முதலில் வாங்குங்கள். அட்டைப் பண்ணையிலோ களப்பிலோ வேலை செய்பவருக்குப் பச்சை பயன்படும். அதை நீருக்குள் மட்டும் பாய்ச்சுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தனியாக ஒரு சிறு கழியூதா விளக்கு வைத்திருப்பது நல்லது. நீலத்துக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்களும் நிறங்களை எண்ணாமல், உப்பைத் தாங்கும் உடலையும் உண்மையான பற்றரியையும் பாருங்கள்.

தனியொருவர் நல்ல ரோச் வாங்குவதோடு இது முடியாது. விளக்கு விதிகள் தமிழில் எளிய ஒரு பக்கத் தாளாக ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரிலும் இறங்குதுறையிலும் ஒட்டப்பட வேண்டும். எந்த நிறம் எந்தப் பக்கம், கையில் காட்ட வேண்டியது எது, எஸ்ஓஎஸ் எப்படி என்பது கரையோரப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் கற்றுமுடிக்கக்கூடிய அளவுதான் அது. பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏங்கிய ஊர்களில் இன்று வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு கடலில் சரியாகப் பேசக் கற்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.